டேப் தானாக வெளியே வரவில்லை

போன மாதம் துர்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மலேசியாவில் பத்து பாகாட் என்ற ஊரில் நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த துணி ஆலையில் இப்போது கணினிப் பிரிவைக் கவனிப்பவள் அவள். கெட்டிக்காரி. நான் ஓய்வு பெற்ற பிறகும் தீபாவளிக்கு மறக்காமல் முறுக்கு டின்னோடு வந்து நிற்பாள்.

“அங்கிள், பழைய சர்வர்ல டேப் டிரைவ் கழண்டா என்ன செய்யணும்னு ஒரு ரூல் இருக்கு. டேப்பே இப்ப இல்லியே, எடுத்துறவா? இப்பல்லாம் சிஸ்டமே பாத்துக்கும்லா.”

எடுத்துவிடு என்று பதில் போட்டேன். அது சரியான பதில்தான். டேப் இல்லாத இடத்தில் அந்த வரிக்கு என்ன வேலை? ஆனால் ‘சிஸ்டமே பாத்துக்கும்’ என்பதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானச் சோறு இறங்கவில்லை. என்ன ஆச்சு என்று கேட்ட மனைவியிடமும் எரிந்து விழுந்தேன். துர்கா மேல் எனக்குக் கோபமில்லை. இதே பேச்சை நம்பித்தான் ஒரு பெண்ணின் படத்தை ஆலை வாசலில் திருடியைப் போல ஒட்டி வைத்தார்கள். அதை எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே உட்கார்ந்தேன். எழுதி முடிக்க ஒரு மாதம் ஆகிவிட்டது.

நான் பெக்கான் நானாஸ் ஊர்க்காரன். அப்பா அன்னாசி ஆலையில் டின் மூடும் இயந்திரத்தில் நின்றவர். நான் ஜொகூர் பாருவில் இரண்டு வருடம் கணினி படித்தேன். பிறகு நாலு வருடம் தினமும் சிங்கப்பூருக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் தூங்கியே வயது போய்விடும் போலிருக்கிறதே என்று பயந்து பத்து பாகாட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆலையில் அப்போது ஒரு பழைய யூனிக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கணினி தெரியாதவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. யூனிக்ஸ் குடும்பத்தில் கணினியோடு இணைந்த ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கோப்பு உண்டு. பிரிண்டருக்கு ஒரு கோப்பு, டேப் டிரைவுக்கு ஒரு கோப்பு. அந்தப் பெயருக்கு எழுதினால் எழுதியது கருவிக்குப் போய்ச் சேரும். பழைய இயந்திரத்தில் இந்தப் பெயர்கள் எப்போதும் அங்கேயே கிடக்கும். கருவியைக் கழற்றித் தலையில் தூக்கிக்கொண்டு போனாலும் பெயர் இருக்கும். கருவி இல்லாத நேரத்தில் அந்தப் பெயருக்கு எதையாவது எழுதப் பார்த்தால் அப்படி ஒரு கருவி இல்லை என்று கத்திவிட்டு வேலையை நிறுத்திவிடும். அந்தக் கத்தல் எனக்குப் பிடிக்கும்.

பிறகு லினக்ஸ் வந்தது. கருவியைச் செருகினால் பெயர் தானாக முளைக்கும். கழற்றினால் தானாக மறையும். என்ன சுத்தம், என்ன அழகு என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. ஒரு நாள் டேப் டிரைவின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, தினமும் தகவலையெல்லாம் டேப்பில் நகலெடுக்கிற பேக்கப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன்.

புரோகிராம் கத்தவே இல்லை. அது முழு அதிகாரத்தோடு ஓடுகிற புரோகிராம். டேப்பின் பெயர் அங்கே இல்லை என்றதும், அதே பெயரில் ஒரு சாதாரணக் கோப்பைத் தானே உண்டாக்கி, எல்லாவற்றையும் அதில் கொட்டிவிட்டது. அந்த இடம் கணினியின் தற்காலிக நினைவில் இருக்கிறது. அடுத்து, எழுதியது சரியா என்று அதையே திரும்பப் படித்துப் பார்த்தது. எல்லாம் சரி, பேக்கப் வெற்றி என்று அச்சடித்துக் கொடுத்தது. கணினியை ஒரு தடவை நிறுத்தி ஓட்டினேன், அந்தக் கோப்பு காணாமல் போய்விட்டது. கேட்டில் மாட்டியிருந்த தபால் பெட்டியை யாரோ கழற்றிவிட, தபால்காரர் அதே இடத்தில் ஒரு அட்டைப் பெட்டியை வைத்துக் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போன மாதிரி. மழை வரும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

அதனால் ஒரு விதி எழுதினேன். டேப் டிரைவ் கழன்று அதன் பெயர் நீக்கப்படும் அந்த நொடியில் சிஸ்டம் இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, அந்தப் பெயரில் யாரும் எதுவும் எழுத முடியாதபடி அடைத்துவிட வேண்டும். இரண்டாவது, கணினி அறையில் மணி அடிக்க வேண்டும். எல்லாம் ஒரே வரியில். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்போது மிஸ்டர் இராஜநாயகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்தான் எனக்கு மேலாளர். அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று ஆலைக்கு வந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், வீட்டுத் தமிழை ஆபீஸிலும் விடமாட்டார். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. எங்களுக்குத் திருத்தம் போடச் சிவப்பு, கையெழுத்துக்கு நீலம், முடிவெழுதப் பச்சை. மின்னஞ்சலைக்கூட அச்செடுத்து மேசையில் வைத்தால்தான் படிப்பார். ஒரு நாளும் குரலை உயர்த்த மாட்டார். மெல்லப் பேசியே மனிதனைச் சாகடிப்பார். ஒரு தாளில் தேதி விட்டுப்போயிருந்தால் அதை மேசையின் நுனிக்கு ஒரு விரலால் தள்ளிவிட்டு, நான் போய் எடுக்கும் வரைக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

டேப் வேலைக்கு அவர் ஒரு முறை வகுத்திருந்தார். பன்னிரண்டு டேப், வாரத்துக்கு ஆறாக இரண்டு வாரம். மாலை ஐந்து மணிக்கு ஆபரேட்டர் அன்றைய டேப்பைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆறு மணிக்கு பேக்கப் தானாக ஓடும், முடிந்ததும் டேப் தானாக வெளியே வந்து நிற்கும். காலையில் அதை எடுத்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, வெற்றி என்று வந்த அச்சுத்தாளைக் கோப்பில் சேர்த்து, லாக் புக்கில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் நான் லாக் புக்கைப் படித்துவிட்டு அடியில் கையெழுத்து போட வேண்டும். “வாசிச்சுப்போட்டு ஒப்பம் வையும். ஒப்பம் வைச்சுப்போட்டு வாசிக்காதையும்” என்பார். எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே பிடிக்காமல் போனது.

ஆபரேட்டர் பரமேஸ்வரி. பாலோ பக்கம் தோட்டத்தில் பிறந்து, எங்கள் ஆலையில் பேக்கிங் பிரிவில் எட்டு வருடம் நின்றவர். தன் சம்பளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி வகுப்புக்குப் போய், சான்றிதழை மேனேஜர் மேசையில் கொண்டுவந்து வைத்து, எனக்கு உள்ளே வேலை வேண்டும் என்று கேட்டு வாங்கியவர். டேப்புகளுக்குத் தன் கையால் கிழமை எழுதி ஒட்டி வைத்திருப்பார். அலமாரிப் பக்கம் வேறு யாராவது கை நீட்டினால், “தொடாதீங்க லா, என்ன வேணும்னு கேளுங்க, நான் எடுத்துத் தர்றேன்” என்று முன்னால் வந்து நிற்பார். அந்த வேலை அவருக்கு அவ்வளவு பெருமை.

எங்கள் ஆலையில் துணி காய வைக்கிற பெரிய இயந்திரத்தைக் கிளப்பும்போதெல்லாம் விளக்கு ஒரு கணம் மங்கும். டேப் டிரைவும் ஒரு கணம் விட்டுப் போய்த் திரும்பி வரும். என் மணி அடிக்கும். மணி அடித்தால் பக்கத்து அறையில் இருக்கிற இராஜநாயகத்துக்குக் கேட்கும். ஒரு நாள் கூப்பிட்டார்.

“உது நீர் வைச்ச மணியோ?”

“ஆமா சார்.”

“இண்டைக்கு எத்தினை தரம் அடிச்சது?”

“ஆறு தடவை சார். டிரைவ் விட்டுட்டுத் திரும்ப வந்துடுச்சு, அதான்.”

“அப்ப ஒண்டும் நடக்கேல்லை. ஒண்டும் நடக்காததுக்கு மணி ஏன்? இந்தச் சத்தத்தை நிப்பாட்டும்.”

நான் விளக்க வாயெடுத்தேன். அவர் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. விறுவிறு என்று என் இடத்துக்குப் போய், விதி எழுதியிருந்த கோப்பைத் திறந்து, அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறியைப் போட்டேன். அந்தக் குறி இருந்தால் சிஸ்டம் அந்த வரியைப் படிக்காது. மணியை மட்டும் நிறுத்தியிருக்கலாம். வரியை இரண்டாகப் பிரித்து, அடைப்பை விட்டுவிட்டு மணியை எடுப்பது பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்றால் எதுவுமே வேண்டாம், பட்டால்தான் தெரியும் என்று வாய்விட்டே சொன்னேன். பரமேஸ்வரி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். “என்னா சார் இவ்ளோ கோவம்?” என்று கேட்டுச் சிரித்தார்.

சில மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு சர்வரின் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், செத்துப்போனது. அதில்தான் சாயக் கலவைக் குறிப்புகள் எல்லாம் இருந்தன. எந்தத் துணிக்கு எந்தச் சாயம் எத்தனை கிராம், எத்தனை டிகிரி சூட்டில் எத்தனை நிமிடம் என்ற குறிப்புகள். துணி ஆலைக்கு அதுதான் உயிர். புது வட்டைப் போட்டுக் கணினியை ஓட்டிவிட்டு, பரமேஸ்வரியிடம் கடைசி டேப்பைக் கேட்டேன். திங்கள் என்று எழுதிய டேப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். படித்துப் பார்த்தால் அதில் இருந்தது ஏழு வாரத்துக்கு முந்தைய தகவல். அடுத்த டேப்பிலும் பழையதுதான். பன்னிரண்டையும் போட்டுப் பார்த்தேன். சாயப் பிரிவுக்காரர் ஈரக் கையோடு வாசலில் நின்று, “எப்ப கிடைக்கும், எப்ப கிடைக்கும்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பத்தொரு வேலை நாள் குறிப்புகள் எந்த டேப்பிலும் இல்லை.

இராஜநாயகம் வந்தார். கோப்பிலிருந்து நாற்பத்தொரு அச்சுத்தாளையும் எடுத்து, நீள மேசையில் வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றாகப் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனார்.

“நாப்பத்தொரு தரமும் வெற்றி. சரிபார்த்ததும் வெற்றி. அப்ப சிஸ்டம் தன்ரை வேலையைச் செய்திருக்கு. எழுதினது ஏதோ ஒரு டேப்பிலைதான் இருக்கு. அந்த டேப் அலுமாரியிலை இல்லை. அலுமாரித் திறப்பு ஆரிட்டை?”

திறப்பு என்றால் அவர் தமிழில் சாவி. சாவி பரமேஸ்வரியிடம் இருந்தது. ஒரே டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டு எழுதி, அதை வெளியே கொண்டுபோய்விட்டாள் என்பது அவர் கண்டுபிடிப்பு. எங்களுக்குப் போட்டியான ஆலை ஒன்று அப்போதுதான் எங்கள் சாய ஆட்கள் இரண்டு பேரை இழுத்திருந்தது. சந்தேகத்துக்கு அது போதுமே! ஒரு மணி நேரத்தில் பரமேஸ்வரியை வெளியே அனுப்பினார்கள். அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாகப் போட்டோஸ்டேட் எடுத்து, காவலர் அறைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். கீழே பெயர். அதற்கும் கீழே உள்ளே விடக் கூடாது என்று மலாயில் கொட்டை எழுத்து. ஆலைக்குள் போகிற ஒவ்வொரு ஆளும் அந்தக் கண்ணாடி முன்னால் அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

மறுநாள் கேண்டீனில் கேட்ட பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

“சாய ரெசிப்பிய வித்துட்டாங்களாம்லா.”

“அலாமாக்! யாரு, பரமேஸா? பாத்தா அப்படித் தெரியலியே.”

“யார் மூஞ்சில எழுதி ஒட்டியிருக்கு?”

நான் அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரியும். வட்டு செத்த அன்று, மூன்றாவது டேப்பைப் போட்டுப் பார்க்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. மின்சாரம் மங்கிய ஏதோ ஒரு மாலை, பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது டிரைவ் விட்டுப் போய், திரும்பும்போது வேறு பெயரில் வந்திருக்கும். பழைய பெயர் நீக்கப்பட்டிருக்கும். மறுநாளிலிருந்து புரோகிராம் அந்தப் பெயரில் தன் அட்டைப் பெட்டியை வைத்துக்கொண்டு ஜாலியாக வெற்றி வெற்றி என்று அச்சடித்திருக்கும். அடைப்பு இருந்திருந்தால் முதல் நாளே நின்றிருக்கும். ஆனால் புது வட்டு போட்டதும் கணினியை நிறுத்தி ஓட்டியாகிவிட்டது, தடயம் எதுவும் இல்லை. இராஜநாயகம் சொல்வதே உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று என் மனசு அடித்துக்கொண்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பரமேஸ்வரி முதல் நாள் சாயங்காலமே எனக்குப் போன் செய்தார். அழவில்லை.

“சார், நான் எதையும் எடுக்கல. உங்களுக்குத் தெரியும்ல? லாக் புக்கப் பாருங்க சார். எல்லாம் எழுதியிருக்கேன்.”

“பாக்குறேன் பரமேஸ்,” என்றேன். பார்க்கவில்லை. அடுத்த நாளும் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் அந்தக் கண்ணாடியைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

நாலாவது நாள் இராஜநாயகம் லாக் புக்கைக் கேட்டார், விசாரணையில் பரமேஸ்வரிக்கு எதிராக வைப்பதற்கு. அவரிடம் எடுத்துக்கொண்டு போகும் வழியில், மாடிப்படியில் நின்று திறந்தேன். மலாயில், சின்னச் சின்ன எழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தார். நாற்பத்தொரு நாளின் முதல் பக்கம்: டேப் தானாக வெளியே வரவில்லை, பட்டனை அழுத்தி எடுத்தேன். மறுநாள்: டேப் இன்றும் தானாக வெளியே வரவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள்: சாரிடம் சொன்னேன், பிறகு பார்க்கிறேன் என்றார். சொன்னது எனக்கு நினைவு வந்தது. கேண்டீனில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து சொன்னார். வாயில் ரொட்டியோடு தலையாட்டினேன்.

அது ஒன்று போதும். டேப்பை வெளியே தள்ளு என்ற கட்டளையும் அதே பெயருக்குத்தான் போகும். வெறும் கோப்பு எதை வெளியே தள்ளும்? டேப் தானாக வரவில்லை என்றால் கட்டளை டிரைவுக்குப் போகவில்லை. கட்டளை போகவில்லை என்றால் தகவலும் போகவில்லை. இத்தனை கணினி படித்த நான் கவனிக்காத ஒன்றை அந்த அம்மா நாற்பத்தொரு நாள் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடியில் அழகாக என் கையெழுத்து. எண்ணிப் பார்த்தேன், ஏழு.

விசாரணை மறுநாள் மத்தியானம் நடந்தது. எனக்கு ஒரு அரை மணி நேரம் வேண்டும், எல்லோரும் கணினி அறைக்கு வர வேண்டும் என்று கேட்டேன். ஆலை முதலாளி வந்தார். நாங்கள் அவரைத் தவுக்கே என்றுதான் சொல்வோம். பணியாளர் பிரிவைப் பார்க்கிற புவான் ரோஹானா வந்தார், புவான் என்றால் மலாயில் அம்மையார். இராஜநாயகம் வந்தார். பரமேஸ்வரியைக் காவலர் ஒருவர் கூட்டிவந்தார், தன் சொந்த அறைக்குள் அவர் காவலரோடு வர வேண்டியிருந்தது. சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். அலமாரியை ஒரு தடவை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் டேப்பை டிரைவில் போட்டேன். எல்லோரும் பார்க்க, பின்பக்கம் கேபிளைப் பிடுங்கி, அதன் நுனியைக் கையில் தூக்கிப் பிடித்தேன். அப்படியே பேக்கப்பை ஓட்டினேன். பிரிண்டர் கிர்ர் என்று அச்சடித்தது. வெற்றி. சரிபார்க்கப்பட்டது. அந்தத் தாளைக் கிழித்துத் தவுக்கேயிடம் கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்தார், என் கையில் தொங்கிய கேபிளைப் பார்த்தார்.

“கழண்டு கிடக்கு, அப்புறம் எங்க போய் எழுதுச்சு?” என்று மலாயில் கேட்டார்.

டேப்பின் பெயரில் உட்கார்ந்திருந்த வெறும் கோப்பைத் திரையில் காட்டினேன். கணினியை நிறுத்தி ஓட்டினேன். கோப்பைக் காணோம். பிறகு லாக் புக்கைத் திறந்து வைத்து, டேப் ஏன் தானாக வெளியே வரவில்லை என்று விளக்கினேன். புவான் ரோஹானா நாற்பத்தொரு வரியையும் உரக்கப் படித்தார். படித்து முடிக்க நேரம் ஆனது.

“இத நிறுத்தறதுக்கு வழி ஒண்ணும் இல்லியா?” என்றார் தவுக்கே.

அந்த இடத்தில்தான் நான் செய்ய வேண்டியதைச் செய்திருக்க வேண்டும். நான் சொன்னது இதுதான்: “ஒரு எச்சரிக்கை வச்சிருந்தோம். சத்தமா இருக்குன்னு நிறுத்தச் சொன்னாங்க.”

எல்லோர் கண்ணும் இராஜநாயகம் மேல் போனது. அவர் என்னைத்தான் பார்த்தார். முதல் தடவையாக ஜன்னலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். அவருக்கு அந்த வரியின் உள்ளடக்கம் தெரியாது, மணியை நிறுத்தச் சொன்னது மட்டும்தான் தெரியும். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

“மின்சாரம் விழுந்து எழும்பினதாலை வந்த பிழை. அப்பிடியே எழுதலாம்,” என்றார்.

தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா, என்னையும் சேர்த்துக் காப்பாற்றினாரா என்று எனக்குத் தெரியாது. அப்பாடா என்று இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

பரமேஸ்வரி மேல் குற்றமில்லை என்ற கடிதத்தை அடித்து முடிக்க ஐந்து மணி ஆனது. அவர் வாசலில் காத்திருந்தார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காவலர் கண்ணாடியிலிருந்து அவருடைய படத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மூலைகள் வர மறுத்தன, நகத்தால் சுரண்டினார். ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். பரமேஸ்வரி நின்றபடியே கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“மின்சாரக் கோளாறுன்னு போட்டிருக்கு.”

“ஆமா பரமேஸ். உங்க மேல ஒரு தப்பும் இல்லன்னு தெளிவா போட்டிருக்கு, பாருங்க. திங்கட்கிழமையே வேலைக்கு வந்துடலாம்.”

“மணிய நிப்பாட்டச் சொன்னது பெரியவரு. முழுசா நிப்பாட்டுனது யாரு சார்? நான் பக்கத்துலதான இருந்தேன்.”

நான் காவலரின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“லாக் புக்குல ஏழு கையெழுத்து இருக்கு. அது யாரோடது?”

“பரமேஸ், அது வந்து…”

“அஞ்சு நாளா என் பேரும் போட்டாவும் இந்தக் கண்ணாடியில தொங்குச்சு. என் புள்ள ஸ்கூல் பஸ் இந்த வழியாதான் போவுது. அவ பாத்துட்டா.” கடிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். “இதுல உங்க பேரு எங்க சார்?”

அவர் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. சிங்கப்பூரில் ஏதோ கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் விசாரிக்கவில்லை. அன்றைக்கே அந்த வரியின் குறியை எடுத்துவிட்டு, மணியைத் தனியாகவும் அடைப்பைத் தனியாகவும் பிரித்து எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு நான் பதவி உயர்ந்தேன். இராஜநாயகம் போன பிறகு அவர் அறையில் உட்கார்ந்தேன். ஆபீஸ் விருந்துகளில், கல்யாண வீடுகளில், இந்தக் கதையைப் பல தடவை சொல்லியிருக்கிறேன். நான் சொல்கிற கதையில் எப்போதும் இராஜநாயகம்தான் வில்லன். அந்த மூன்று பேனா, அந்த ஜன்னல், அந்தப் பேச்சு எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவேன். கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கேபிளைத் தூக்கிப் பிடிக்கிற இடத்தில் கை தட்டுவார்கள். துர்காவுக்கும் அந்தக் கதைதான் தெரியும்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பெண்ணின் படத்தை வாசலில் ஒட்ட வைத்த மனிதரை நான் இன்றும் மன்னிக்கத் தயாராக இல்லை. விசாரிக்காமல் ஆளை வெளியே தள்ளிய ஆலையையும் மன்னிக்கத் தயாராக இல்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்டது சத்தத்தை நிறுத்து என்று மட்டும்தான். வாசித்துவிட்டு ஒப்பம் வை என்று வாய் வலிக்கச் சொன்னவரும் அவர்தான். அவர் மேல் இருந்த எரிச்சலில் நான் வாசிக்கவில்லை. அவர் மேல் இருந்த எரிச்சலில் முழு வரியையும் நிறுத்தினேன். அந்த எரிச்சலின் பலன் பரமேஸ்வரியின் தலையில் விடிந்தது. கதையை மாற்றி மாற்றிச் சொல்லியே இருபது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

அந்தக் கடிதத்தில் மின்சாரக் கோளாறு என்று இருந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியது இது. டேப் கழன்றால் எழுத விடாமல் தடுக்கிற வரியை, அது எதற்கு என்று நன்றாகத் தெரிந்தே, கோபத்தில் நிறுத்தியவன் நான். பரமேஸ்வரி நாற்பத்தொரு நாள் எழுதியதைப் படிக்காமல் ஏழு தடவை கையெழுத்து போட்டவன் நான். அவர் படம் வாசலில் தொங்கியபோது காரணம் தெரிந்தும் நாலு நாள் அதன் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு போய் வந்தவன் நான். விசாரணையில் பாதி உண்மையைச் சொல்லி மீதியை இன்னொருவர் தலையில் கட்டியவனும் நான்தான். என் பெயர் தனபாலன் த/பெ ஆறுமுகம்.